பனிமலையில் தொலைந்தவர்களைத் தேடிப் போவது

வணக்கம் அண்ணா,

குளிர்கால மலையேற்றம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், 2018இல் பாகிஸ்தானிலுள்ள நங்கா பர்வதம் என்ற மலையில் நடந்ததைத் தேடிப் படித்தேன். பிரெஞ்சு மலையேறி எலிசபெத் ரெவோலை மீட்டவர்கள், அவரோடு ஏறிய டோமெக் மாட்ஸ்கேவிச்சை மேலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். உயிரோடு இருந்திருக்கக்கூடிய ஒருவரை அப்படி விட்டுவிட்டு வரலாமா? இன்னொரு பக்கம், யாரும் சொல்லாமல் தாங்களாகவே போய் மாட்டிக்கொள்கிறவர்களுக்காக மற்றவர்கள் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. இப்படித் தொலைந்தவர்கள் உண்மையில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. எத்தனை நாள் என்பதற்கு ஒரே எண் கிடையாது. எந்த உயரத்தில் இருக்கிறார், காற்றில் நிற்கிறாரா, ஒதுங்க ஓர் இடம் கிடைத்ததா, அடுப்பும் எரிவாயுவும் மிச்சம் இருக்கிறதா (பனியை உருக்கினால்தான் அங்கே குடிக்கத் தண்ணீர்), அடிபட்டிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, அவரை எட்டக்கூடிய தூரத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதைப் பொறுத்து அது நிமிடக் கணக்காகவும் இருக்கலாம், வாரக் கணக்காகவும் இருக்கலாம்.

நிமிடக் கணக்கு என்றால் பனிச்சரிவு. முழுதாகப் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், 35 நிமிடம் ஆனால் மூன்று பேர்தான், இது சுவிட்சர்லாந்து விபத்துகளை வைத்துப் போட்ட கணக்கு. பெரும்பாலும் கொல்வது குளிர் இல்லை, மூச்சுத் திணறல். அதனால் பனிச்சரிவில் உண்மையான மீட்புப் படை என்பது பக்கத்தில் வந்துகொண்டிருந்த கூட்டாளிதான், அவரிடம் சிக்னல் கருவியும் குத்திப் பார்க்கும் கம்பியும் மண்வெட்டியும் இருக்க வேண்டும். கீழேயிருந்து ஹெலிகாப்டர் வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது.

ஆனால் 2016 பிப்ரவரியில் சியாச்சினில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 19,000 அடிக்கு மேல் இருந்த சோனம் காவல் நிலையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 10 வீரர்கள் புதைந்துபோனார்கள், அதில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. எல்லோரும் இறந்துவிட்டதாகவே நினைத்தார்கள். ஆறாம் நாள் அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள், 25 அடிக்கும் கீழே இருந்து. டெல்லி மருத்துவமனையில் மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். ஆனாலும் அந்த ஆறு நாளும் தோண்டிக்கொண்டே இருந்தவர்களை முட்டாள்கள் என்று யார் சொல்ல முடியும்?

குளிர் ஆளைக் கொல்லும், சில சமயம் காப்பாற்றியும் வைக்கும். 1999இல் நார்வேயில் அன்னா போகன்ஹோல்ம் பனிச்சறுக்கில் ஓடையில் விழுந்து, பனிப்பாளத்துக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக் கிடந்தார். எடுத்தபோது இதயத் துடிப்பு இல்லை, உடம்பின் வெப்பம் 13.7 டிகிரி. பிழைத்தார், திரும்ப மருத்துவமனை வேலைக்கே போனார். உடம்பைச் சூடாக்கிப் பார்க்காமல் ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லக் கூடாது என மலை மருத்துவர்கள் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். அதேபோல் பனியைக் குடைந்து உள்ளே உட்கார்ந்துவிட்டால், வெளியே மைனஸ் இருபதில் புயல் அடித்தாலும் உள்ளே உறைநிலையை ஒட்டியே இருக்கும். 2006 டிசம்பரில் அமெரிக்காவின் மவுண்ட் ஹூட்டில் மூன்று பேர் மாட்டிக்கொண்டபோது, ஒருவர் அப்படி ஒரு குகைக்குள் இருந்து 10ஆம் தேதி கைபேசியில் வீட்டுக்குப் பேசினார். புயல் நாள்கணக்கில் விடவேயில்லை. 17ஆம் தேதி தேடினவர்கள் குகையை எட்டினபோது அவர் உயிரோடு இல்லை, மற்ற இருவரும் கிடைக்கவே இல்லை. 3,429 மீட்டர்தான் அந்த மலை, கீழே ஊர், சாலை, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், ஹெலிகாப்டர்கள், எல்லாம் இருந்தும் வானிலை வழிவிடவில்லை.

எட்டாயிரம் மீட்டரில் கதை வேறு. அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு, சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு கரைகிறது. 2021 பிப்ரவரி 5 அன்று, உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2வில் மலையேறிகள் அலி சத்பாராவும் ஜான் ஸ்னோரியும் ஹுவான் பாப்லோ மோரும் காணாமல் போனார்கள். அலியின் மகன் சாஜித் ஆக்சிஜன் கருவி கோளாறால் முன்பே திரும்பியவர், கீழே முகாமில் அப்பாவுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு இறங்கினார். இறங்கியதும், குளிர்காலத்தில் அந்த உயரத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி யாரும் பிழைக்க முடியாது, இனித் தேடினால் உடலுக்காகத்தான் என்று அவரே வெளியே சொன்னார். நாடே பிரார்த்தித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மகன் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஜூலையில் உடல்கள் தெரியவந்தபோது, மேலே ஏறிப் போய் அப்பாவின் உடலைப் பத்திரப்படுத்தியதும் அவர்தான்.

சரி, நங்கா பர்வதத்துக்கு வருவோம். 2018 ஜனவரி 25 அன்று ரெவோலும் டோமெக்கும் உச்சியை அடைந்தார்கள், அங்கேயே டோமெக்குக்குப் பார்வை போய்விட்டது. மூச்சு வாங்க முடியவில்லை, கைகால்கள் உறைய ஆரம்பித்துவிட்டன. அந்த நிலையில் அவரை இரவோடு இரவாக 7,200 மீட்டர் சுற்றுவட்டாரம் வரை இறக்கிக் கொண்டுவந்து ஒரு பனிப்பிளவுக்குள் ஒதுக்கினார் ரெவோல். நீ 6,000 மீட்டர் வரை இறங்கி வா, டோமெக்கை ஹெலிகாப்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்று ரெவோலுக்குச் செய்தி வந்தது. அப்படி நம்பித்தான் அவர் இறங்கினார். அதனால் அவர் விட்டுவிட்டு வந்தார் என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. இறங்கும் வழியில் தனியாகக் கழித்த இரவில், யாரோ சூடாகத் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்கு அவருடைய காலணியைக் கேட்பதுபோல ஒரு மயக்கம். கழற்றியும் கொடுத்துவிட்டார். கால் உறைந்தது அப்படித்தான்.

அந்த நேரத்தில் கே2 அடிவாரத்தில் ஒரு போலந்துக் குழு இருந்தது. குளிரில் கே2வை முதலில் ஏறிவிட வேண்டும் என்று வந்தவர்கள். 27ஆம் தேதி நான்கு பேரை ஹெலிகாப்டரில் ஏற்றி நங்கா பர்வதத்தில் 4,800 மீட்டர் வாக்கில் இறக்கிவிட்டார்கள். இருவர் கீழே நிற்க, டெனிஸ் உருப்கோவும் ஆடம் பியலெட்ஸ்கியும் ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினார்கள், சுமார் எட்டு மணி நேரத்தில், இருட்டில், செங்குத்தான பனியிலும் பாறையிலும். இரண்டு மணி வாக்கில் ரெவோலைக் கண்டுபிடித்தார்கள். வேறு எந்த வாரமாக இருந்தாலும் உயரத்துக்குப் பழகின உடம்போடு அப்படி இரண்டு பேர் பக்கத்தில் கிடைத்திருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து ஆளை அனுப்பினால் அவருக்கே மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்ளும்.

டோமெக் இருந்த இடம் அதற்கு மேல் இன்னும் 1,200 மீட்டர். வானிலை மாறப்போகிறது, கையில் தானாக நடக்கவே முடியாத ஒரு பெண். மேலே போனால் ரெவோலும் செத்துப்போவார், டோமெக்கைப் போய் அடைந்தாலும் நடக்க முடியாத ஒருவரை அந்த உயரத்திலிருந்து இருவரால் தூக்கி இறக்க முடியாது. அவர்கள் இறங்கியது சரியான முடிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த முடிவை எடுக்கும் உரிமையும் அங்கே நின்றவர்களுக்குத்தான் உண்டு, உங்களுக்கும் எனக்கும் இல்லை.

ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்கிறீர்கள். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தங்கள் கனவு மலையை விட்டுவிட்டுத் தாங்களாகவே கிளம்பி வந்தார்கள். நாளைக்கு அந்த இடத்தில் தானும் இருக்கலாம் என்று தெரிந்தவர்கள் செய்கிற காரியம் அது. மாட்டிக்கொண்டவரின் தவறு எவ்வளவு என்று விசாரித்துவிட்டு உதவுவது என்றால் சாலை விபத்தில் கிடப்பவரைக்கூட நாம் தூக்க முடியாது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நங்கா பர்வதத்தில் உதவி கேட்டுச் செய்தி வந்தபின், செலவுக்கு உத்தரவாதம் இல்லாமல் ஹெலிகாப்டர் எழும்பாது என்பதால் நண்பர்கள் இணையத்தில் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 2019இல் அதே மலையில் டேனியல் நார்டியும் டாம் பல்லார்டும் காணாமல் போனபோது, பாலகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதலை ஒட்டி பாகிஸ்தான் வான்வெளியை மூடியதால் தேடல் தாமதமானது. இந்த இரண்டுமே மலை செய்தது கிடையாது. குளிர்காலத்தில் எட்டாயிரம் மீட்டர் ஏற அனுமதி தருகிற அரசு, மீட்புக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளட்டும், கட்டாதவருக்கு அனுமதி கிடையாது என்று சொல்லட்டும். எல்லை தகராறு எதுவானாலும் மீட்பு ஹெலிகாப்டர் பறக்க இந்தியாவும் பாகிஸ்தானும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.