பழைய ரிமோட்டை இப்போதைக்குத் தூக்கிப் போட்டுடாதீங்க

கேள்வி: அண்ணே, எங்க வீடு கடக்கரை ஓரம். பெரிய காக்கா (அண்ணன்) துபாய்ல இருந்து கொண்டாந்த 5.1 ஹோம் தியேட்டர் இன்னும் நல்லா பாடுது, ஆனா அதோட ரிமோட்ல வால்யூம் பட்டனை அமுக்கி அமுக்கி விரலே வலிக்குது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக்னு மொத்தம் நாலு ரிமோட். உம்மா எதை எடுக்கறதுன்னு தெரியாம டிவி பாக்கறதையே விட்டுட்டாங்க. எல்லாத்துக்கும் சேத்து ஒரே யுனிவர்சல் ரிமோட் எது வாங்கலாம்?
வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, புதுசு வாங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பழைய ரிமோட்டைக் காப்பாத்துங்க, ஏன்னு சொல்றேன். யுனிவர்சல் ரிமோட்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு நம்பர் கோடு போட்டு செட் பண்றது, அதுல பேர்போன டிவிக்கெல்லாம் கோடு இருக்கும், ஆனா துபாய்ல வாங்கின ஹோம் தியேட்டருக்கு இருக்குமான்னு நம்பி வாங்க முடியாது. இன்னொண்ணு லேர்னிங் ரிமோட், பழைய ரிமோட்டை மூஞ்சிக்கு மூஞ்சி வச்சு ஒவ்வொரு பட்டனா அமுக்கினா அந்த சிக்னலை அப்படியே கத்துக்கும். உங்களுக்கு இதுதான் சரி. கத்துக் குடுக்க அசல் ரிமோட் உயிரோட இருக்கணும்ல, அதான் சொல்றேன்.

நம்ம கரையில உப்புக்காத்து ரிமோட்டை உள்ளேயே தின்னுடும். செல் மூடியைத் திறந்து பாருங்க, ஸ்பிரிங்ல பச்சையா பூத்துருக்கும், வினிகர்ல லேசா நனைச்ச பஞ்சால துடைச்சு நல்லா காய விடுங்க. ரப்பர் பட்டன் ஷீட்டைக் கழட்டி சோப்புத் தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க. அப்புறம் செல்ஃபி கேமராவுக்கு முன்னாடி ரிமோட்டை நீட்டி பட்டனை அமுக்குங்க. ரிமோட் சிக்னல் அனுப்பற இன்ஃப்ராரெட் வெளிச்சம் சுமார் 940 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, ஆனா நிறைய போன் கேமராவுல ஊதாவா மினுக்கும், மினுக்கினா ரிமோட் சிக்னல் அனுப்புதுன்னு அர்த்தம். வால்யூம் பட்டன் ஒரே ஒரு தடவை ஒழுங்கா வேலை செஞ்சாலும் போதும், புது ரிமோட் புடிச்சுக்கும். ட்யூப் லைட்டை அணைச்சுட்டு, ரெண்டுக்கும் நடுவுல மூணு நாலு விரல்கடை விட்டு செய்யுங்க.

ஃபயர் ஸ்டிக் மட்டும் இதுல சேராது, அது ப்ளூடூத், லேர்னிங் ரிமோட்டால கத்துக்க முடியாது. அதுக்கு டிவி செட்டிங்ஸ்ல ஹெச்டிஎம்ஐ சிஇசியை (ஹெச்டிஎம்ஐ ஒயர்ல சேந்த சாமானை டிவி ரிமோட்லயே ஓட்டற வசதி) ஆன் பண்ணுங்க, எல்ஜில சிம்ப்லிங்க், சாம்சங்ல எனிநெட் பிளஸ், சோனில பிராவியா சிங்க்னு பேர் வச்சுருப்பாங்க. ஆன் பண்ணிட்டா டிவி ரிமோட்டோட அம்புக்குறி பட்டன்லயே ஸ்டிக் ஓடும். ஹோம் தியேட்டர் பின்னாடியும் ஒரு பார்வை பாத்துடுங்க, ஹெச்டிஎம்ஐ ஓட்டை பக்கத்துல ஏஆர்சின்னு எழுதியிருந்தா (2009ல வந்த வசதி அது), டிவியோட ஏஆர்சி ஓட்டையில ஒயர் சொருகினா டிவி ரிமோட்லயே ஹோம் தியேட்டர் வால்யூமும் கூடும் குறையும், அப்ப ஹோம் தியேட்டருக்காக ரிமோட் வாங்க வேண்டியதில்ல. சிவப்பு வெள்ளை பின் ஒயர்தான் போட்டுருக்குன்னா லேர்னிங் ரிமோட்தான் வழி.

வாங்கறப்ப கடையிலயே ஒண்ணு கேட்டுருங்க: செல்லைக் கழட்டினா கத்துக்கிட்டது அழிஞ்சு போகுமா? அழியறதா இருந்தா வேண்டாம், செல் மாத்துறப்பல்லாம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். லாஜிடெக் ஹார்மனியை யாராவது சொன்னா கேக்காதீங்க, நல்ல சாமான்தான், ஆனா 2021லயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க. அப்புறம் ஒரே பட்டன்ல எல்லாம் ஆன் ஆகற மாதிரி செட் பண்ணாதீங்க, நிறைய பெட்டியில ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே சிக்னல்தான், ஹோம் தியேட்டர் ஏற்கெனவே ஆன்ல இருந்தா டிவி எரியும் அது அணைஞ்சுடும், உம்மா மறுபடி தடுமாறுவாங்க.

அவங்களுக்கு டிவி பவர், பாக்ஸ் பவர், சேனல், வால்யூம், இவ்வளவு பட்டன் போதும், அதுக்கு மேல மட்டும் கலர் ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்க. பழைய ரிமோட்டை செல்லைக் கழட்டிட்டு ஜிப் கவர்ல போட்டு பீரோவுல வைங்க.