ஆண்டு விழாப் பாட்டும் பதிப்புரிமையும்: கேள்வி பதில்

பள்ளி ஆண்டு விழாக் காலம் தொடங்கிவிட்டது. கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. பாதிக்கு மேல் சென்ற ஆண்டு கேட்ட அதே கேள்விகள்.

மாணவர்கள் திரைப்பாடலுக்கு ஆட அனுமதி வாங்க வேண்டுமா? (ஆசிரியை, திருமங்கலம்)

வேண்டாம். பார்ப்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் போதும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதற்கு விலக்கு தந்திருக்கிறது. மாணவர்களே பாடினாலும் சரி, ஒலிப்பதிவை ஓடவிட்டாலும் சரி. விழாவை ராஜா முத்தையா மன்றத்தில் வைத்தாலும் விலக்கு உண்டு. டிக்கெட் அடித்து ஊரையே கூப்பிட்டால் கிடையாது.

அந்த விழா வீடியோவை யூடியூபில் ஏற்றினோம், ஒலியை நீக்கிவிட்டார்கள். விலக்கு இருக்கிறது என்றீர்களே? (தாளாளர், மதுரை)

ஆடுவது வேறு, ஏற்றுவது வேறு. இணையத்தில் பார்ப்பவர்கள் எல்லாரும் உங்கள் பள்ளிப் பெற்றோரா? வீடியோக்காரர் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு 300 ரூபாய் என்று விற்பதும் இந்த விலக்குக்குள் வராது. பாட்டின் உரிமை ஒருவரிடமும் ஒலிப்பதிவின் உரிமை இன்னொருவரிடமும் இருக்கலாம். இருவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

30 விநாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லையாமே?

எந்தச் சட்டத்தில்? நம் சட்டத்தில் விநாடிக் கணக்கு இல்லை. பலரும் மேற்கோள் காட்டும் அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை.

வீடியோவின் கீழே 'இசை: இணையம், உரியவர்களுக்கு நன்றி' என்று போட்டால் போதுமா? (ஆசிரியர், மேலூர்)

போதாது. நன்றி சொல்வது அனுமதி ஆகாது. அதோடு, இணையம் எந்தப் பாட்டுக்கும் மெட்டுப் போட்டதில்லை.

இதைக் கேட்டது நல்லதாயிற்று. ஆண்டுதோறும் எனக்குப் பள்ளி அழைப்பிதழ்கள் வருகின்றன. சிறப்பு விருந்தினர் பெயர் பட்டங்களோடு இருக்கிறது. பந்தல்காரர் பெயர், ஒலி ஒளி அமைப்பாளர் பெயர், பரிசுக் கோப்பை தந்த நகைக்கடையின் பெயர் எல்லாம் இருக்கின்றன. நிகழ்ச்சி நிரலில் மட்டும் 'குழு நடனம்', 'தனிப்பாடல்' என்று மொட்டையாக நிற்கிறது. எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று ஒரு வரி கிடையாது. இன்னும் சிலர், உயிரோடிருக்கும் கவிஞரின் பாட்டுக்கு நேரே 'கிராமியப் பாடல்' என்று துணிந்து அச்சடிக்கிறார்கள்.

சட்டத்தின் 57-ஆவது பிரிவைப் படியுங்கள். பதிப்புரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது. திரைப்பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் படத் தயாரிப்பாளரிடம் உரிமையைக் கொடுத்த பிறகும் ராயல்டியில் பங்கு பெற 2012 திருத்தம் வழிசெய்தது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர்கள் அவர்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர்கள் காசு கேட்கவில்லை. சட்டமும் கேட்கச் சொல்லவில்லை. பெயரைப் போடக்கூடவா மனம் வராது? பிள்ளைகள் கட்டுரையைப் பார்த்து எழுதினால் மட்டும் முட்டி போட வைக்கிறோம்.

ஒரு பழைய பாட்டைப் பயன்படுத்தலாமா?

எந்தப் பாட்டு, யார் எழுதியது, எதற்கு? ஒன்றையும் எழுதாமல் பதில் கேட்கிறீர்கள். பழையது என்பதெல்லாம் கணக்கில் வராது. பாட்டுக்கு, எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. 1921-இல் மறைந்த பாரதியாரின் வரிகளுக்குத் தடையில்லை. ஆனால் அவற்றுக்கு நேற்று ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60. 1960-இல் வெளிவந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020-உடன் முடிந்தது. அதில் உள்ள பாட்டின் கணக்கைத் தனியாகப் பாருங்கள்.

மாணவர்கள் ஊர்ப் பாட்டிகளின் ஒப்பாரியைப் பதிவு செய்கிறார்கள். அதற்குமா சட்டம்? (தமிழாசிரியர், உசிலம்பட்டி)

வழிவழியாக வரும் வரிகள் யாருக்கும் சொந்தமில்லை. பாடிய பாட்டிக்கோ நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு. பாடம், ஆய்வு என்ற அளவில் பதிவு செய்யலாம். குறுந்தகடு போடவோ இணையத்தில் ஏற்றவோ அவர் சம்மதம் வேண்டும். ஆடுவது வேறு, ஏற்றுவது வேறு என்றேனே, பாடுவதற்கும் அதேதான். கைநாட்டானாலும் எழுத்தில் வாங்குங்கள். பெயரோடு ஊரையும் போடுங்கள்.

இசை ஆசிரியராக இருந்தபோது பள்ளிப் பாட்டுக்கு மெட்டுப் போட்டேன். வேலையை விட்டுவிட்டேன், பள்ளி இன்னும் பாடுகிறது. நிறுத்த முடியுமா?

முடியாது. சம்பள வேலையின் பகுதியாகப் போட்ட மெட்டு என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பள்ளிதான் முதல் உரிமையாளர். பெயர் மட்டும் உங்களுடையது. அடுத்த அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் '57-ஆவது பிரிவின்படி என் பெயரைச் சேர்க்கவும்' என்று ஸ்பீடு போஸ்ட்டில் எழுதுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.