ஞானத்தகப்பனாக நிற்கலாமா?

அன்புள்ள அக்கா,

எனக்குத் திருகோணமலை, பாலையூற்று. கத்தோலிக்கக் குடும்பம், சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன். கொஞ்சக் காலமாக எனக்குள் விசுவாசம் இல்லை. 1624இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் கொண்டுவந்த சமயம்தானே இது என்ற கேள்வியில் தொடங்கியது. அப்புறம் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. பூசையில் இருந்த சனத்தையே காப்பாற்றாத கடவுளிடம் எதைக் கேட்பது? அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இப்போது தங்கச்சி தன் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்கிறாள். ஒரு மணித்தியால விசயம்தானே, பேசாமல் நின்றுவிட்டு வரவா?

அன்புள்ள தம்பி,

நிற்க வேண்டாம். ஞானத்தகப்பன் படத்துக்கு நிற்கிற ஆள் இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சுவாமி உங்களிடம் வாய்விட்டுக் கேட்பார், பிதாவை விசுவசிக்கிறீர்களா, சுதனை விசுவசிக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாக, நீங்களும் ஒவ்வொன்றுக்கும் "விசுவசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நம்பாமல் அதைச் சொன்னால் அங்கே நம்பி நிற்கிற சனத்துக்கும் மரியாதை இல்லை, இவ்வளவு நாள் நேர்மையாகத் தவித்த உங்களுக்கும் இல்லை. திருச்சபைச் சட்டப்படி ஞானத்தாய் ஒருத்தி இருந்தாலே போதும், உங்களால் ஞானஸ்நானம் நின்றுபோகாது.

போர்த்துக்கேயர் மேல் உங்களுக்கு வந்த கோபம் நியாயம். கோட்டைக்குள்ளால் நடந்து கோணேசர் கோயிலுக்குப் போகிற எவருக்கும் அது வரும். ஆனால் பிறகு வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையே குற்றமாக்கினார்கள். சமயத்தை விட்டால் லாபம், வைத்திருந்தால் தண்டனை. அந்தக் காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, ஒளித்துச் செபம் சொல்லிக்கொண்டு சனங்கள் இருந்தார்கள். வாளுக்குப் பயந்து மட்டும் பிடித்த விசுவாசமென்றால் வாளோடேயே போயிருக்கும். இதனால் அது உண்மை என்று ஆகிவிடாது. கொண்டுவந்தவன் கெட்டவன் என்பதற்காகப் பொய்யாகவும் ஆகாது.

2019 வேறு. அதற்கு விளக்கம் வைத்திருக்கிறவர்கள் பக்கம் போகாதீர்கள். பைபிளில் யோபு புத்தகத்தை வாசியுங்கள், முக்கியமாகக் கடைசி அதிகாரத்தை. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்' என்று கடவுளுக்காக வாதாடியவர்கள் நண்பர்கள், கடவுளையே வழக்குக்கு இழுத்தவர் யோபு. முடிவில் கடவுளுக்குக் கோபம் வருவது நண்பர்கள் மேல்தான், 'யோபுதான் என்னைப் பற்றிச் சரியாகப் பேசினான்' என்கிறார். நான் இன்றும் பூசைக்குப் போகிறவள். என்னைப் பிடித்து வைத்திருப்பது பிரசங்கம் எதுவும் இல்லை, இந்தப் பக்கம்தான். உங்கள் கேள்வியைக் கேட்க பைபிளை விட்டு வெளியே போகத் தேவையில்லை, கத்திக்கூடக் கேட்கலாம்.

கேட்டும் விசுவாசம் திரும்பாமல் போகலாம். அப்போது விலகுங்கள். யாரையும் வற்புறுத்தி விசுவசிக்க வைக்கக் கூடாது என்று 1965இல் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமே எழுதி வைத்திருக்கிறது.

தங்கச்சியிடம் இன்றைக்கே பேசுங்கள், அவளும் வேறு ஆள் பார்க்க வேண்டுமே. அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள், அவர் வேறு யாரிடமிருந்தும் அறியக் கூடாது. அழுவார். யோபு, போர்த்துக்கேயர் என்று அப்போது வாதாடப் போகாதீர்கள், பக்கத்தில் இருங்கள், போதும். ஞானஸ்நானத்தன்று கோயிலுக்குக் கட்டாயம் போங்கள், முன் வாங்கிலேயே இருங்கள், அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் நீங்கள்.