லினக்ஸில் 24 பைட், விண்டோஸில் 12: சி லைப்ரரி கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் லைப்ரரி ஒவ்வொரு பதிவையும் ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து எஃப்ரைட் மூலம் அப்படியே கோப்பில் கொட்டுகிறது. ஸ்ட்ரக்டில் இருப்பவை வரிசையாக ஒரு இன்ட் (எண்), ஒரு லாங் (அளவு), ஒரு சார் (வகை). லினக்ஸில் எழுதிய கோப்பை விண்டோஸில் திறந்தால் முதல் பதிவின் எண் மட்டும் சரியாக வருகிறது, மற்றதெல்லாம் தாறுமாறு. இரண்டுமே 64 பிட் இன்டெல் இயந்திரங்கள்தானே? (கோவை வாசகர்)

பதில்: 64 பிட் என்பது பாயிண்டரின், அதாவது நினைவக முகவரியின், அளவு. லாங் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான்.

உங்கள் ஸ்ட்ரக்டையே எடுத்துக் கூட்டிப் பாருங்கள். லினக்ஸில் இன்டுக்கு 4, லாங் 8-ன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் கம்பைலர் நுழைக்கும் காலி இடம் 4, லாங்குக்கு 8, சாருக்கு 1, கடைசியில் மறுபடி காலி இடம் 7. மொத்தம் 24. விண்டோஸில் 4, 4, 1, காலி 3. மொத்தம் 12. ஆகவே விண்டோஸ் நிரல் முதல் பதிவின் எண்ணைச் சரியாகப் படிக்கிறது. அளவு என்று நினைத்துப் படிப்பது லினக்ஸ் விட்ட காலி இடத்தை. அதில் 0 இருக்கலாம், பழைய குப்பையும் இருக்கலாம். 'இரண்டாவது பதிவு' என்று அது தொடங்கும் 12-ஆம் பைட், முதல் பதிவின் லாங்கில் மேல் பாதி.

காலி இடம் விடாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் பிராக்மா பேக் போட்டால் தீருமா என்று பலர் கேட்கிறார்கள். தீராது. காலி இடம் போகும், அவ்வளவுதான். லாங் இருக்கும்வரை லினக்ஸில் 13, விண்டோஸில் 9 என்று வித்தியாசம் அப்படியே நிற்கும். எண்ணின் பைட்களை வேறு வரிசையில் வைக்கும் இயந்திரத்தில் பேக் செய்தும் பயனில்லை.

ஸ்ட்ரக்டைக் கோப்பில் கொட்டும் பழக்கத்தையே விடுங்கள். எந்த இயந்திரத்திலும் நீளம் மாறாத வகைகளைப் பயன்படுத்துங்கள்: எண்ணுக்கு இன்ட்32_டி, அளவுக்கு இன்ட்64_டி, வகைக்கு யுஇன்ட்8_டி. கோப்பில் ஒரு பதிவுக்குச் சரியாக 13 பைட். ஒவ்வொரு எண்ணையும் முதலில் குறியில்லாத வகைக்கு மாற்றி, 8 பிட்டாக வலப்புறம் தள்ளி, கீழ்ப் பைட்டை முதலில் எழுதுங்கள். படிக்கும்போது ஒரு இடத்தில் கவனம் தேவை: பைட்டை இடப்புறம் தள்ளும் முன் யுஇன்ட்32_டி ஆக்க வேண்டும், 64 பிட் எண்ணுக்கு யுஇன்ட்64_டி. இல்லாவிட்டால் சி மொழி அந்தப் பைட்டை இன்டாக ஏற்றிவிடும். 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பை 24 இடம் தள்ளினால் குறி பிட்டில் போய் விழும், அதன் விளைவு வரையறுக்கப்படாதது. 32 இடமோ அதற்கு மேலோ தள்ளினால் சொல்லவே வேண்டாம்.

பழைய கோப்புகளுக்கு ஒரு மாற்றும் கருவி எழுத வேண்டியிருக்கும். கோப்பின் நீளத்தை வைத்து எங்கே எழுதியது என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். 24-ன் மடங்கெல்லாம் 12-ன் மடங்கும்தான். எந்த இயந்திரத்தில் எழுதியது என்பதைப் பயனரே சொல்லட்டும். புதிய கோப்பின் தலையில் நான்கு பைட் அடையாளமும் ஒரு பைட் பதிப்பு எண்ணும் வைத்துவிட்டால் அடுத்த முறை இந்தச் சிக்கல் வராது.

கேள்வி: சொற்களைப் பிரிக்கும் ஃபங்ஷன் தமிழ் உரையைக் கொடுத்தால் விண்டோஸ் டீபக் பில்டில் மட்டும் அசெர்ட் பெட்டி காட்டி நிற்கிறது. லினக்ஸில் ஒரு குறையுமில்லை. (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: லினக்ஸிலும் குறை இருக்கிறது, வெளியே தெரியவில்லை. 'க' என்ற எழுத்து யுடிஎஃப்-8-ல் 224, 174, 149 என்று மூன்று பைட். இன்டெலில் சார் குறியுள்ள வகை என்பதால் 224 என்பது -32 ஆகிவிடுகிறது. எழுத்தா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா போன்ற ஃபங்ஷன்கள் 0 முதல் 255 வரையும், இஓஎஃப் என்ற கோப்பு முடிவுக் குறியையும் மட்டுமே ஏற்கும். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி தன் அட்டவணையை -128-லிருந்தே வைத்திருப்பதால் தப்பிக்கிறீர்கள். விஷுவல் ஸ்டுடியோவின் டீபக் லைப்ரரி கையும் களவுமாகப் பிடித்துச் சொல்கிறது. அதற்கு நன்றி சொல்லுங்கள்.

அழைக்கும் இடத்திலெல்லாம் அன்சைன்ட் சார் என்று மாற்றிக் கொடுங்கள். ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் லினக்ஸில் சார் இயல்பாகவே குறியில்லாதது. ஆப்பிளின் ஆர்ம் சிப்பில் குறியுள்ளது. எனவே 'ஆர்ம்' என்று பெயர் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஜிசிசி கம்பைலரில் குறியுள்ள சார், குறியில்லாத சார் இரண்டுக்கும் தனித்தனி விருப்பத்தேர்வு உண்டு; சோதனைத் தொகுப்பை இரண்டிலும் ஓட்டுங்கள். இதெல்லாம் செய்தாலும் இஸ்ஆல்ஃபா தமிழ் எழுத்தை அடையாளம் காணாது. அது ஒரு பைட்டைத்தான் பார்க்கும். 128-ம் அதற்கு மேற்பட்டதுமான பைட் எல்லாம் சொல்லின் பகுதி என்று கொள்வதே உங்கள் வேலைக்குப் போதும்.

கேள்வி: ஆட்டோகான்ஃப், சிமேக் என்ற இரண்டு பில்ட் கருவிகளையும் வைத்திருக்கிறோம். ஒன்றில் ஒரு வசதி 'இருக்கிறது' என்கிறது, மற்றதில் அதே கணினியில் 'இல்லை'. எதை நம்புவது? (சென்னை வாசகர்)

பதில்: 'இல்லை' என்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனைகள் ஒரு சின்ன நிரலை கம்பைல் செய்து பார்ப்பவை. எந்தக் காரணத்தால் தோற்றாலும் 'வசதி இல்லை' என்றே எழுதிவிட்டுப் போகும். 2024-ல் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் பின்கதவு நுழைக்கப்பட்ட விவகாரத்தில் இதையும் பார்த்தோம். அதன் சிமேக் கோப்பில் நிரலின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் லினக்ஸின் லேண்ட்லாக் பாதுகாப்பைச் சோதிக்கும் துண்டு நிரலில் ஒற்றைப் புள்ளி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. பாதுகாப்பும் சத்தமில்லாமல் அணைந்துவிடும்.

கெட்ட எண்ணம் இல்லாமலும் இது நடக்கும். கிளாங் 16, ஜிசிசி 14 கம்பைலர்கள் முதல், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது எச்சரிக்கை அல்ல, பிழை. ஹெடரைச் சேர்க்க மறந்த பழைய சோதனைகள் அன்றுமுதல் தோற்கின்றன. எச்சரிக்கையை எல்லாம் பிழையாக்கும் விருப்பத்தேர்வைச் சோதனைக்கு முன்பே போட்டாலும் இதே கதிதான்; பயன்படாத ஒரு மாறி போதும்.

ஆட்டோகான்ஃபின் கான்ஃபிக்.லாக் கோப்பையும், சிமேக் 3.26 முதல் பில்ட் அடைவில் எழுதப்படும் கன்ஃபிகர்லாக் கோப்பையும் திறந்து, அந்தச் சோதனை *எந்தப் பிழையால்* தோற்றது என்று படியுங்கள். சிமேக் பழைய விடையை நினைவில் வைத்துக்கொள்ளும். திருத்திய பின் பில்ட் அடைவையே அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பிறகு இரண்டும் உருவாக்கும் கான்ஃபிக்.எச் கோப்புகளை டிஃப் செய்து பாருங்கள். ஆட்டோகான்ஃப், இல்லாத வசதியை வரையறுக்காமல் விடும். சிமேக், நீங்கள் எழுதியிருக்கும் முறையைப் பொறுத்து, 0 என்று வரையறுக்கும். உங்கள் நிரலில், வரையறுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும் இஃப்டெஃப் இருந்தால் 0-வும் 'இருக்கிறது' ஆகிவிடும்.

இரண்டையும் வைத்திருப்பதே தேவையா என்றால், ஆள் குறைவான குழுவுக்கு ஒன்று போதும் என்பேன். வைத்தே ஆக வேண்டுமானால், வெளியிடும் தார் கோப்பை ஆட்டோகான்ஃபின் துணைக் கருவியான ஆட்டோமேக்கில் உருவாக்கி, அதைப் பிரித்து, அதற்குள்ளிருந்தே சிமேக்கில் பில்ட் செய்து பாருங்கள். தார் கோப்பில் சேர்க்க மறந்த ஃபைல் எல்லாம் அங்கே மாட்டும்.

கேள்வி: எங்கள் டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரி கோப்பு) திருப்பிக் கொடுக்கும் சரத்தைப் பயனர் ஃப்ரீ செய்தால் அவருடைய நிரல் விழுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: டிஎல்எல்லும் அவருடைய நிரலும் வெவ்வேறு சி ரன்டைமில் இணைந்திருக்கின்றன, ஒன்றின் ஹீப்பில் (நினைவகக் கிடங்கில்) எடுத்ததை மற்றதில் விடுவிக்க முடியாது. லைப்ரரியிலேயே விடுவிக்கும் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுங்கள். ஃபைல் பாயிண்டரைக் கடத்துவதிலும் இதே ஆபத்து உண்டு. பாதையை மட்டும் வாங்கி உள்ளே திறந்துகொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸில் மட்டும் பவ் ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று லிங்கர் சொல்கிறது. கணித லைப்ரரியைச் சேர்க்கும் -எல்எம் போட்டிருக்கிறோம். (மதுரை வாசகர்)

பதில்: கட்டளையில் அதை .ஓ கோப்புகளுக்கும் உங்கள் .ஏ கோப்புக்கும் பின்னால் நகர்த்துங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும்போது அதுவரை தேவைப்பட்டதை மட்டுமே எடுக்கும். விஷுவல் ஸ்டுடியோவில் அப்படித் தனி லைப்ரரியே கிடையாது. அங்கே அதைச் சேர்க்காமல் விடுங்கள்.