ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

தருமபுரியில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தவன் நான். இதய வால்வு மாற்றியவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை.

பென்னாகரத்திலிருந்து: மாமியார் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். கீரையைத் தொடவே கூடாது என்கிறார்கள். கடைசல் இல்லாமல் அவருக்குக் களி இறங்காது, ஐயா.

கீரையை நிறுத்த வேண்டாம் அம்மா. ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைக் கல்லீரல் செய்வதற்கு வைட்டமின் கே வேண்டும். அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் அந்த வேலையைத்தான் மட்டுப்படுத்துகின்றன. கீரையில் வைட்டமின் கே நிறைய. திடீரென்று கூடினால் மருந்தின் வேகம் குறையும். திடீரென்று நிறுத்தினால் வேகம் ஏறி ரத்தக்கசிவு வரும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு கரண்டி என்பது பழக்கமானால், எல்லா வாரமும் அதே அளவு இருக்கட்டும். புரட்டாசியில் கறியை விட்டுக் கீரைக்கு மாறும் வீடாக இருந்தால், அந்த மாதம் ஒரு ரத்தப் பரிசோதனையைக் கூடுதலாகச் செய்துவிடுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: எங்களுக்கு மாந்தோப்பு. பழம் சாப்பிடலாமா?

ஒன்றிரண்டு துண்டு சாப்பிடலாம். நாள்தோறும் மாம்பழம் அதிகமாகச் சாப்பிட்ட வார்ஃபரின் நோயாளிகளுக்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எண் ஏறியதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. சீசனில் கவனம் வேண்டும்.

அரூரிலிருந்து: ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது?

ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று சொல்லும் எண் அது. மருந்து சாப்பிடாதவருக்கு ஏறக்குறைய 1. சாப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை வேண்டும். மைட்ரல் இடத்தில், அதாவது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில், உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை. தொடக்கத்தில் சில நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, நிலைத்த பிறகு மாதம் ஒருமுறை என்று பார்ப்பார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, ஐ.என்.ஆர்., அன்று சொன்ன அளவு, இவை மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும். ஒருமுறை ஓர் அம்மா தன் மஞ்சள் பையை என் மேசைமேல் கொட்டினார். இரண்டு மாத்திரைப் பட்டைகள் விழுந்தன. கடையில் பத்து மாத்திரைக்குக் கத்தரித்துக் கொடுத்ததில், மி.கி. அச்சான மூலை இரண்டிலும் போயிருந்தது. பழைய ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தால் ஒன்று 1 மி.கி., மற்றது 4 மி.கி. அவர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. எண் தெரியாத பட்டையை வாங்காதீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து: அப்பாவுக்கு முட்டி வலி தாங்கவில்லை. வலி மாத்திரை கொடுக்கலாமா?

நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் அதைக் குடித்தே வளர்ந்தவர்கள் பலர் எலும்பு வலியோடு வாழ்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குப் பயத்தைத் தருகிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணிலிருந்து வரும் ரத்தம் நிற்காது. மலம் தார் போலக் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மேல். ஆனால் அதையும் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும், மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடருங்கள். இடுப்பில் ஊசி போட வந்தால் மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லுங்கள், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோலும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும்.

ஊத்தங்கரையிலிருந்து: நேற்று அசிட்ரோம் போட மறந்துவிட்டேன். இன்று இரண்டாகப் போடட்டுமா?

வேண்டாம். அன்றே நினைவு வந்தால் போடலாம். மறுநாள் ஆகிவிட்டால் வழக்கமான அளவு மட்டும் போட்டு, மறந்ததை நோட்டில் எழுதுங்கள்.

ஓசூரிலிருந்து: பரிசோதனையே வேண்டாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே. உலோக வால்வு வைத்த அம்மாவுக்கு மாற்றலாமா?

கூடாது தம்பி. உலோக வால்வு நோயாளிகளுக்கு அந்தப் புதிய மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்; ரத்தக்கட்டியும் கசிவும் இரண்டுமே கூடின. அதன் முடிவு 2013இல் வெளியானது. வாத சுரத்தால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் பழைய மருந்துதான் ஏற்றது. காலில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் வால்வுக் கோளாறு இல்லாமல் இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கும் அபிக்ஸாபன், ரிவராக்ஸபான் என்ற புதிய மாத்திரைகள் நன்றாகவே பயன்படுகின்றன. அவர்களும் சிறுநீரகப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளை உணவோடுதான் சாப்பிட வேண்டும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: வால்வு மாற்றிய மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. குழந்தை பெறலாமா?

கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரங்களில் வார்ஃபரின் வகை மருந்து கருவைப் பாதிக்கக்கூடும். பயந்து தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டித் தாயின் உயிருக்கே ஆபத்து. நாள் தள்ளிப்போனால் அன்றே போகச் சொல்லுங்கள்.

மொரப்பூரிலிருந்து: கணவர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடி. காயமில்லை, நன்றாகத்தான் பேசுகிறார். விடியட்டும் என்கிறார்.

விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மண்டைக்குள் கசியும் ரத்தம் வெளியே தெரியாது. இப்போதே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாத்திரைப் பட்டையையும் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறார் என்று வாசலிலேயே சொல்லுங்கள்.