கிண்ணக் காளானை எந்தத் தடியில் கண்டீர்கள்?

மாரி மழை பிடித்ததும் திருகோணமலைப் பக்கமிருந்து கிண்ணக் காளான் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. படங்கள் அழகாகவே இருக்கின்றன. ஆனால் காளான் எதன் மேல் முளைத்தது என்று பெரும்பாலானவர்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. அடையாளம் காண எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

கன்னியா பக்கத்துக் காட்டில், விழுந்து கிடந்த கொப்பில் காம்புள்ள இளஞ்சிவப்புக் கிண்ணங்கள். வெளிப்புறம் முழுக்க வெள்ளை மயிர். இது என்ன?

குக்கீனா. நீண்ட மயிர் வெளிப்புறம் முழுதும் இருப்பதால் குக்கீனா ட்ரைக்கோலோமா என்று சொல்லலாம். விளிம்பை ஒட்டி மட்டும் குறுமயிர் இருந்திருந்தால் குக்கீனா ஸ்பெசியோசா என்றிருப்பேன். நிறத்தை நம்ப வேண்டாம், ஸ்பெசியோசா மஞ்சளிலிருந்து சிவப்புவரை எந்த நிறத்திலும் வரும். இவை குறிப்பிட்ட ஒரு மரத்தைத் தேடுவதில்லை, உக்கும் கொப்பு கிடைத்தால் போதும்.

அடுத்த முறை மழை விட்டதும் அருகே குந்தியிருந்து கிண்ணத்தை மெல்ல ஊதிப் பாருங்கள். முற்றிய கிண்ணமென்றால் ஒரு நொடி கழித்து மெல்லிய வெண்புகை எழும். உட்புறம் முழுக்க நெருக்கமாக நிற்கும் நுண்குழல்கள், பெரும்பாலும் குழலுக்கு எட்டாக அடைபட்டிருக்கும் வித்திகளை, அதாவது காளான் பரவ உதவும் விதை போன்ற நுண்துகள்களை, ஒரே நேரத்தில் எறிவதுதான் அந்தப் புகை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கிண்ணியாவில் எங்கள் பூச்சாடியில் மண்ணிறக் குட்டிக் கிண்ணங்கள். உள்ளே முட்டைகள் போல இருக்கின்றன. செடிக்குக் கெடுதலா?

கெடுதல் இல்லை. இது சயாதஸ், குருவிக்கூட்டுக் காளான். உருவம் கிண்ணம்தான், ஆனால் உறவு குடைக் காளான்களோடு. மழைத்துளி விழுந்தால் அந்த முட்டைகள் ஒரு மீற்றர்வரைகூடத் தெறிக்கும். சாணி எரு போட்ட சாடிகளில் இதை அடிக்கடி காணலாம்.

மல்லிகை இலையும் தண்டும் தடித்து, மேலே செம்மஞ்சள் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. கிண்ணக் காளானா?

இல்லை, துரு நோய். மல்லிகையில் இப்படிச் செய்வது யூரோமைசஸ் ஹொப்சோனி என்ற துருப் பங்கசு. கைவில்லை வைத்துப் பார்த்தால் கிண்ணங்கள் இலைக்குள்ளிருந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்தவை என்று தெரியும். உள்ளே செம்மஞ்சள் தூள் இருக்கும். துருப் பங்கசுக்கு உயிருள்ள செடி வேண்டும். கிண்ணக் காளான்களில் பெரும்பாலானவை செத்த தடி, சருகு, மண், சாணி ஆகியவற்றில்தான் வளர்கின்றன. தடித்த பகுதிகளை வெட்டி எரித்துவிடுங்கள். 1869 இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் தலைகாட்டி, பின்னர் அந்தப் பயிரையே அழித்ததும் துருக் கூட்டத்தைச் சேர்ந்த பங்கசுதான்.

குச்சவெளிக் காட்டுச் சருகில் ஒரு மில்லிமீற்றர் அளவில் வெள்ளைக் கிண்ணங்கள். காய்ந்த குச்சி என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. எப்படிப் பெயர் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இந்தச் சின்னக் கிண்ணங்களில் பல ஒரே மரத்தில், அதிலும் ஒரே பகுதியில் மட்டும் வளர்பவை. ஐரோப்பாவில் ஆஷ் மரங்களைக் கொல்லும் பங்கசைப் பாருங்கள்: அதன் வெள்ளைக் கிண்ணங்களைத் தேட வேண்டிய இடம் மரமல்ல, முந்தைய ஆண்டு விழுந்து கறுத்துப்போன இலைக்காம்பு. ஆகவே குச்சியா, இலைக்காம்பா, இலை நரம்பா, காய்த்தோலா என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம் மரம். தலைக்கு மேல் நிற்பதுதான் விருந்துவழங்கி, அதாவது காளான் வளரும் மரம், என்று எண்ணிவிடாதீர்கள், காற்று சருகை எங்கிருந்தும் கொண்டுவரும். அதே சருகுக் குவியலில் முழு இலைகளைத் தேடுங்கள். நுனியில் சிறு வெட்டு விழுந்த தடித்த இலை என்றால் பாலையாக இருக்கலாம். பச்சை இலையைக் கிள்ளிப் பாருங்கள், பால் வடியும். முதிரைக்குக் கூட்டிலை. பச்சைச் சிற்றிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி குத்தியது போல எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், கசக்கினால் மணக்கும். அடிமரம் பள்ளமும் மேடுமாய் நெளிந்திருந்தால் வீரையா என்று பாருங்கள். எதுவும் உறுதியாகவில்லையா? "மரம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். தவறான மரத்தின் பெயர் என்னைத் தவறான காளானிடம் கொண்டுபோய் விடும்.

தம்பலகாமத்தில் மாட்டுச் சாணியில் மஞ்சள்பச்சைத் தட்டுகள். மேலே கரும்புள்ளிகள் உள்ளன.

அஸ்கோபோலஸ். புள்ளிகள் அழுக்கல்ல, முற்றிய ஊதா வித்திகளோடு வெளியே தலைநீட்டும் குழல்களின் நுனிகள். வெளிச்சம் வரும் பக்கம் அவை சாயும். எறியப்படும் வித்தி புல்லில் ஒட்டி, மாட்டின் வயிற்றைக் கடந்து, புதுச் சாணியில் முளைக்கிறது.

சாப்பிடலாமா?

வேண்டாம். படத்தைப் பார்த்து எந்தக் காளானையும் உண்ணலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

மாதிரியை எப்படி அனுப்புவது?

பொலித்தீன் பையில் போடாதீர்கள். சம்பூரில் எடுத்த நல்ல மாதிரி ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன், மறுநாள் பூஞ்சணம் மட்டுமே மிஞ்சியது. தடியோடு சேர்த்து நிழலில் காயவைத்து, கடிதாசி மடிப்பில் வையுங்கள். திகதி, இடம், மரம், எந்தப் பகுதி, ஈரமாக இருந்தபோது என்ன நிறம் என்று மேலே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.