தண்ணீர் எங்கே போகிறது? குளியலறை, கழிப்பறைக் கேள்வி பதில்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். நடுவே சில வருஷம் மஸ்கட்டில் ஹோட்டல் கட்டடங்களில் பிளம்பிங் மேற்பார்வை பார்த்தேன். ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு குளியலறை ஏன் மாறுகிறது என்பதில் எனக்கு ரொம்ப நாளாக ஈடுபாடு. வந்த கேள்விகளில் என் துறைக்குள் வருபவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): உடுமலைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கொல்லையில் ஒரே கக்கூஸ். திருச்சூரில் மச்சான் வீட்டில் ஒவ்வொரு பெட்ரூமுக்கும் ஒன்று. ஏன் இப்படி?

பதில்: முதல் காரணம் மழை. ஜூன், ஜூலையில் விடாமல் கொட்டுகிற ஊரில் ராத்திரி குடை பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவது பெரும்பாடு. நம் கொழிஞ்சாம்பாறையில் அந்த மழை இல்லை, ஆனால் வீட்டு பிளான் மட்டும் மேற்கேயிருந்துதான் வருகிறது. இரண்டாவது, கேரளத்தில் வீடு தன் தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் குழாயை வெளியே இறக்கி குழி எடுக்கலாம். மூன்றாவது வளைகுடாப் பணம். 1970களுக்கு அப்புறம் கட்டிய வீடுகளில்தான் இந்த 'அட்டாச்டு' பெருகியது.

தமிழ்நாட்டுத் தெருவீடு சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். திண்ணை, கூடம், சமையலறை, கடைசியில் கொல்லை, அதற்கும் பின்னால் பல ஊர்களில் ஒரு சந்து. அந்தச் சந்து எடுப்புக் கக்கூஸுக்காக விட்டது. வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஒரு மனிதர் பின்வழியாக வந்து கையால் அள்ளிப் போக வேண்டும் என்பதற்காகப் போட்ட பிளான் அது. 1993-லும், இன்னும் கடுமையாக 2013-லும் சட்டம் போட்டுத் தடுத்த வேலை. கழிப்பறை கொல்லையில் இருப்பதுதான் நம் ஆசாரம் என்று சொல்கிறவர்கள் அந்தச் சந்தையும் சேர்த்து நினைக்க வேண்டும். கழிப்பறை வீட்டுக்குள் வருவது நல்லது என்பதுதான் என் கட்சி.

கேள்வி (வேலந்தாவளம்): மகள் பிரசவத்துக்கு நியூஜெர்சி போகிறோம். அங்கே பக்கெட், மக் வைத்துக் குளிக்க முடியாது என்கிறார்களே? கழுவவும் தண்ணீர் இருக்காதாமே?

பதில்: குளிக்கலாம் அம்மா, ஆனால் அங்கே இருக்கும் நீளக் குளியல் தொட்டிக்குள்ளே பக்கெட்டை வைத்துக்கொண்டு குளிக்க வேண்டும். நம் பாத்ரூமில் தரை முழுக்க நனையலாம் என்று நினைத்தே தரைக்கு வாட்டம் கொடுத்து, மூலையில் தண்ணீர் இறங்க ஜாலி வைக்கிறோம். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் பாத்ரூம் தரையில் ஜாலியே கிடையாது. வீடும் மரச்சட்டத்தில் கட்டியது. தொட்டிக்கு வெளியே இரண்டு மக் தண்ணீர் விழுந்தால் பலகை வழியாகக் கசிந்து கீழ் வீட்டுக் கூரையில் கறை படியும். தொட்டியைச் சுற்றித் தொங்கும் திரையின் அடிப்பாகத்தைத் தொட்டிக்கு உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் இதில்தான் தவறுகிறார்கள். தொட்டி வழுக்கும், உள்ளே ரப்பர் மேட் போடச் சொல்லுங்கள்.

டாய்லெட் கிண்ணத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் நிற்கும். அடைத்துக்கொண்டது என்று பயப்பட வேண்டாம், அது உறிஞ்சி இழுக்கும் வகை, அப்படித்தான் நிற்கும். கழுவுவதற்கு, டாய்லெட் தொட்டிக்கு வரும் குழாயில் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு டீ-வால்வு போட்டு, கழுவுகிற கைக்குழாயான ஹெல்த் ஃபாசெட்டை மாட்டிக்கொள்ளலாம். மாப்பிள்ளையே அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த வால்வை மூடிவிட வேண்டும். திறந்தே விட்டால் ஹோஸில் எந்நேரமும் அழுத்தம் நிற்கும். ஒருநாள் ஹோஸ் வெடித்தால் வீடு முழுக்கத் தண்ணீர்தான்.

கேள்வி (வண்ணாமடை): கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் எத்தனை அடி விடவேண்டும்?

பதில்: கேரளக் கட்டட விதிப்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர், அதாவது சுமார் 25 அடி. மனை எல்லையிலிருந்து 1.2 மீட்டர். இது குறைந்தபட்சம்தான். வெட்டுக்கல் மண்ணாக இருந்தால் நீர் சீக்கிரம் ஓடும், இன்னும் தள்ளி வையுங்கள். உங்கள் கிணறு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளந்து பாருங்கள்.

கேள்வி (நல்லேப்பிள்ளி): ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறேன். அங்கே எப்படி?

பதில்: ஹோஸ் இருக்காது, ஒரு சின்ன மக் எடுத்துப் போங்கள். பழைய வீடுகளில் கிண்ணத்துக்குள் ஒரு தட்டு மாதிரி மேடை இருக்கும். மலத்தைப் பார்த்து உடல்நிலை அறிவதற்கு அது வசதி என்பார்கள். ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் சட்டம் மாதிரி. ஐரோப்பா முழுக்கக் காகிதம்தான் என்று நினைக்காதீர்கள். இத்தாலியில் வீடு என்றால் ஒரு குளியலறையிலாவது பிடே, அதாவது கழுவுவதற்கென்றே ஒரு தனிக் கிண்ணம், இருக்க வேண்டும் என்று 1975-ல் அரசாணையே போட்டார்கள். பின்லாந்தில் வாஷ்பேசின் பக்கத்தில் நம் ஹெல்த் ஃபாசெட் மாதிரியே கைக்குழாய் தொங்கும். கிரீஸில் குழாய்கள் குறுகல், அதனால் காகிதத்தைக் கிண்ணத்தில் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுவார்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம்): வீடு பூட்டிக் கிடக்கிறது, நாங்கள் துபாயில். வருஷத்துக்கு ஒருதரம் வந்து திறந்தால் பாத்ரூம் நாற்றம் தாங்க முடியவில்லை. செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் டேங்கில் குறை இருக்காது. தரை ஜாலிக்குக் கீழே உள்ள டிராப்பில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் டேங்கிலிருந்து வரும் வாயுவைத் தடுக்கும் கதவு. சில மாசம் யாரும் புழங்காவிட்டால் அது காய்ந்து போகும், கதவு திறந்துகொள்ளும். ஒவ்வொரு ஜாலியிலும் டாய்லெட்டிலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள், ஒருமணி நேரத்தில் நாற்றம் அடங்கும். அடுத்த தடவை பூட்டும்போது ஜாலித் தண்ணீர் மேல் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், ஆவியாவது குறையும். முக்கியமாக, மாடிக்கு மேலே போகும் வென்ட் பைப்பை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். கொசு வருகிறது என்றால் அந்தப் பைப்பின் வாய்க்கு வலை கட்டுங்கள்.

கேள்வி (பாலக்காடு நூறணி): நாங்கள் முஸ்லிம்கள். டாய்லெட் எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

பதில்: நம் ஊரிலிருந்து கிப்லா, அதாவது தொழும் திசை, மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. முகமும் முதுகும் அந்தப் பக்கம் வராமல் தெற்கு வடக்காகப் போடச் சொல்லுங்கள். மஸ்கட்டில் நான் பார்த்த பிளான்களில் இதை முதல் கோட்டிலேயே கவனிப்பார்கள். இங்கே மேஸ்திரி குழாய் போட்டு முடித்த பிறகுதான் நினைவு வருகிறது, அப்புறம் தரையை உடைக்கிறார்கள். பழைய தர்மநூல்களிலும் பகலில் வடக்கு நோக்கி, இரவில் தெற்கு நோக்கி என்று உண்டு. தெற்கு வடக்காக வைத்துவிட்டால் இரண்டு வழக்கத்துக்கும் சரியாக வரும்.

கேள்வி (எருத்தேம்பதி): செப்டிக் டேங்க் கிணற்றுக்கு எவ்வளவு தூரம்?

பதில்: மேலே வண்ணாமடைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். உங்களுக்கு இன்னொரு விஷயம்: எருத்தேம்பதியில் பல இடம் கரிசல். கரிசல் தண்ணீரை உள்ளே வாங்காது, மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். உறிஞ்சு குழியைச் சுற்றி மணலும் ஜல்லியும் தாராளமாகப் போடாவிட்டால் இரண்டே மழையில் குழி நிரம்பித் திரும்பும்.

கேள்வி (கோவிந்தாபுரம்): ஈசானிய மூலையில் டாய்லெட் வரலாமா?

பதில்: வாஸ்து ஆசாரியைக் கேளுங்கள்.

கேள்வி (ஆனைமலை, பெரியவர்): தம்பி, கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு நீங்கள் எழுதியதை நான் ஒப்பவில்லை. சமையலறைக்கு ஒரு சுவர் தள்ளி, பூஜை அறைக்கு ஒரு சுவர் தள்ளி மலம் கழிப்பது எந்த விதத்தில் சுத்தம்? கொல்லையில் வைத்தவர்கள் முட்டாள்களா?

பதில்: முட்டாள்கள் இல்லை ஐயா, அவர்கள் காலத்துக்கு அதுதான் சரி. வாயுவைத் தடுக்க டிராப்பில் தண்ணீர் நிற்காத கக்கூஸை வீட்டுக்குள் வைத்தால் குடியிருக்க முடியாது. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் குழாயை 'எஸ்' மாதிரி வளைத்து அதில் தண்ணீர் நிற்க வைத்துக் காப்புரிமை வாங்கினார். கழிப்பறை வீட்டுக்குள் வந்தது அந்த வளைவால்தான். இன்று உங்கள் டிராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் வாயு உள்ளே வராது.

கேள்வி (சித்தூர், கல்லூரி மாணவி): பெரியவர் எழுதியதைப் படித்தேன். எங்கள் பாட்டி வீட்டில் கக்கூஸ் தோட்டத்துக் கடைசியில். ராத்திரி போக வேண்டுமே என்று சாயந்தரத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டோம். மாதவிடாய் நாளில் டார்ச்சும் வாளியும் தூக்கிக்கொண்டு நடப்பது எப்படி என்று அவர் ஒருதரம் நினைத்துப் பார்க்கட்டும்.

பதில்: இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வந்து ஆஸ்பத்திரி போன பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிளான் போடும்போது வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். கேட்கிறவர்கள் குறைவு.

கேள்வி (ஆனைமலை, பெரியவர்): அந்தப் பெண் சொன்னது நியாயம். என் மனைவியும் அதையே சொல்கிறாள். ஆனால் குளிக்கிற இடத்திலேயே மலம் கழிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஜப்பான்காரன் கூட இரண்டையும் தனித்தனியாகத்தானே வைக்கிறான்?

பதில்: இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் ஐயா. ஜப்பானில் குடும்ப வீடுகளில் டாய்லெட்டுக்குத் தனி அறை, குளிக்கத் தனி அறை, நடுவே முகம் கழுவத் தனி இடம். டாய்லெட்டுக்கென்று தனிச் செருப்பு வாசலிலேயே கிடக்கும், அதோடு கூடத்துக்கு வந்தால் பெரிய தப்பு. குளியல் தொட்டியில் இறங்குவதற்கு முன் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட வேண்டும். ஏனென்றால் அந்த ஒரே சுடுதண்ணீரில்தான் குடும்பம் முழுக்க ஒருவர் பின் ஒருவராக அமிழ்வார்கள். அழுக்கை எங்கே விடுவது, சுத்தத்தை எங்கே தொடங்குவது என்பதில் அவ்வளவு கறார். பிரான்ஸிலும் பழைய வீடுகளில் டாய்லெட் தனி. நம் பழைய வீடுகளிலும் குளிக்கும் அறை வேறு, கக்கூஸ் வேறு. இரண்டையும் ஒன்றாக்கியது நம் பக்கம் இடமும் குழாய்ச் செலவும் மிச்சம் என்பதற்காகத்தான்.

தனித்தனியாக வைத்தால் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. டாய்லெட் தரை காய்ந்தே இருக்கும், வயசானவர்கள் வழுக்கி விழுவதும் குறையும். டாய்லெட்டுக்கு 3 அடிக்கு 5 அடி, குளிக்க 5 அடிக்கு 6 அடி போதும். இரண்டையும் ஒட்டி வைத்தால் குழாயும் ஒரே பக்கம் போகும்.

கேள்வி (கோபாலபுரம்): இது பெரிய வீட்டுக்காரர் பேச்சு. 3 சென்ட்டில் வீடு கட்டுகிறவன் இரண்டு அறைக்கு எங்கே போவான்?

பதில்: சரியான கேள்வி. அந்த அளவில் ஒரே அறைதான் முடியும். அப்படியானால் அறைக்குள்ளேயே குளிக்கும் பகுதியை ஒரு அங்குலம் தாழ்த்தி, நடுவே ஒரு கல் விளிம்பு வைத்து, வாட்டத்தைக் குளிக்கும் பக்கம் திருப்புங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வாட்டம் வேண்டும். டைல் ஒட்டி முடித்ததும் மேஸ்திரிக்குக் கூலி கொடுப்பதற்கு முன்னால் ஒரு மக் தண்ணீரைக் கதவோரம் ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். தண்ணீர் தானாக ஜாலிக்குப் போக வேண்டும். டாய்லெட் அடியில் குட்டையாக நின்றால் மேஸ்திரியை அங்கேயே நிறுத்தி டைலைப் பெயர்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு வரமாட்டார்கள். கதவு வெளியே திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை உங்களால் தள்ளவே முடியாது.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): கிணற்றுக்கும் டேங்குக்கும்...

பதில்: 7.5 மீட்டர். மேலே இரண்டு தடவை எழுதியாகிவிட்டது, தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): டேங்க் நிறைந்துவிட்டது. வண்டிக்காரன் நாளை வருகிறான். அதற்குள் வீட்டு ஆள் ஒருவரை இறக்கி அடைப்பை எடுக்கலாமா?

பதில்: கூடாது. யாரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மூக்கின் உணர்வை மரக்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆள் மயங்கிச் சாய்வார். தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிறார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செத்த செய்தி படிக்கிறோமே, அது இப்படித்தான். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றமும்கூட. ஒரு நாள் பொறுங்கள். அதுவரை டாய்லெட்டைப் புழங்காமல் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி (ஆனைமலை, பெரியவர்): தம்பி, வீட்டுக்குள்ளேயே தனி டாய்லெட் போட ஒத்துக்கொண்டேன். பூஜை அறைச் சுவரை ஒட்டி வராமல் எப்படி?

பதில்: நடுவில் 2 அடி ஆழத்தில் ஒரு அலமாரியோ மாடிப்படியோ வையுங்கள் ஐயா. டாய்லெட்டின் ஒரு சுவர் கட்டாயம் வெளிச்சுவராக இருக்கட்டும். ஜன்னலும் 4 அங்குலக் குழாயும் அந்தப் பக்கமே போக வேண்டும், குழாய் எந்த அறைக்கு அடியிலும் போகக் கூடாது. உங்களுக்கும் அம்மாவுக்கும் முழங்கால் வலி இருந்தால் உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டர் வருகிற மாதிரிக் கேட்டு வாங்குங்கள், பக்கச் சுவரில் கைப்பிடிக்கு டைல் ஒட்டும் முன்பே இடம் பார்த்துவிடுங்கள். மனையின் நீள அகலத்தை ஒரு தாளில் வரைந்து, கிணறு எங்கே இருக்கிறது என்று குறித்து அனுப்புங்கள். கோடு போட்டுத் தருகிறேன்.